விர்ஜிலுக்கு வராத எச்சரிக்கை

மார்ச் 4, திங்கள்

கிளினிக் கணினிகளில் புது எச்சரிக்கை இன்று ஆரம்பம். வலி மாத்திரை சாப்பிடும் ஆளுக்குப் பதற்ற மாத்திரையும் எழுதினால் திரையில் சிவப்புப் பெட்டி எழும்பும்: இரண்டும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம். காரணம் எழுதாமல் தாண்ட முடியாது. எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை, நர்ஸ்களில் என் தலையில்.

டாக்டர் ப்ரூயிட் மதியத்துக்குள் பத்தொன்பது முறை தாண்டிவிட்டார். காரணம் கேட்கும் இடத்தில் வெறும் புள்ளி.

"முப்பது வருஷமா இந்த மலைச் சனத்துக்கு வைத்தியம் பாக்கறேன், லவோன். ஒரு பெட்டி வந்து எனக்குப் பாடம் எடுக்குதா?"

சிரித்து வைத்தேன்.

மார்ச் 5

பீன்ஸ் வேகவைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கை இன்னும் பழகவில்லை.

மார்ச் 12

எழுதலாமா, வேண்டாமா — எழுதிவிடுகிறேன். பழகிப் பார்ப்பதற்கென்று கணினியில் ஒரு பொய் நோயாளி உண்டு. மதிய இடைவேளையில் அவன் பேரில் என் புருஷன் விர்ஜிலின் மருந்துகளைப் பதிந்தேன். சுரங்கத்தில் முதுகு நசுங்கியதற்கு ப்ரூயிட் கொடுத்தது. அப்புறம் படபடப்புக்கென்று சேர்த்துக் கொடுத்தது. அவன் மூச்சு நின்ற அன்றைக்கு இருந்த அதே அளவு. மறக்குமா?

பெட்டி எழுந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

மூணு வருஷம் முன்னாடி எங்க போய்த் தொலைஞ்சே நீ? அந்தப் பெட்டியைப் பார்த்து வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

பின்னால் ப்ரூயிட் நின்றிருந்தார். "யாரு இது?"

"சோதனைக்குப் போட்டது, டாக்டர்."

அளவுகளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "விர்ஜில்," என்றார்.

"ஆமா."

அவ்வளவுதான். அடுத்த நோயாளி காத்திருந்தார்.

மார்ச் 13

ப்ரூயிட் வரவில்லை. உடம்பு சரியில்லையாம்.

அவர் மேல் கோபமா? இருந்தது. இன்றைக்குத் தேடினேன், கிடைக்கவில்லை. பனிக் காலையில் விர்ஜில் எனக்கு முன்னே எழுந்துபோய் என் வண்டியைச் சூடாக்கிவிட்டு, "மெதுவா வாடி, ரெடியா இருக்கு," என்று குரல் கொடுப்பான். எனக்கு வேண்டியது அந்தக் குரல்தான். வேறெதுவும் இல்லை.

மார்ச் 18

ஹோபர்ட் சைஸ்மோரும் மனைவி எர்லீனும் வந்தார்கள். அவனும் சுரங்கக்காரன்தான், நாலு வருஷமாக இரண்டு மாத்திரையும். பெட்டி எழுந்தது. ப்ரூயிட் தாண்டவில்லை. நாற்காலியை இழுத்து அவன் எதிரே உட்கார்ந்தார்.

"கைவிடப் போறீங்களா, டாக்டர்? திடீர்னு நிறுத்தினா நான் தெருவுலதான் போய்த் திருட்டுத்தனமா வாங்கணும்."

"நிறுத்தலப்பா. கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். எர்லீன், இந்த மூக்கு மருந்தை வீட்டுல வெச்சுக்கோ. மூச்சு தடுமாறினா மூக்குக்குள்ள ஒரு தடவை பீச்சி அடி, உடனே ஆம்புலன்ஸுக்குப் போன்."

எப்படி அடிப்பது என்று நான்தான் காட்டினேன்.

எர்லீன் அதை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் போனபின் ப்ரூயிட் கதவருகே வந்தார். "விர்ஜிலுக்கு எழுதின அன்னிக்கு நான் யோசிக்கவே இல்ல, லவோன்."

"தெரியும்," என்றேன். பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஹோபர்ட் வந்தான். "இன்னொரு மூக்கு மருந்து வேணும். அது தீந்துபோச்சு."

ஞாயிறு காலை, மாத்திரை போட்டதை மறந்து மறுபடி போட்டிருக்கிறான். தேவாலயத்துக்குக் கூப்பிட வந்த எர்லீன் பார்த்தபோது உதடு நீலம்.

"கண்ணு முழிச்சா, இவ என் மார்மேல உக்காந்து திட்டிக்கிட்டிருக்கா!" என்று சிரித்தான்.

எர்லீன் சிரிக்கவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவுமில்லை.

மருந்தைக் கொடுத்துவிட்டு ஜன்னலில் நின்றேன். கார் வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே போனாள்.

திட்டுடி, எர்லீன். நல்லாத் திட்டு.