பத்து மணி அளவு

மார்ச் 4, செவ்வாய்

கிடங்குக்குப் போகும் பெட்ரோல் குழாய் நேற்று அதிகாலை உடைந்தது. எத்தனை ஆயிரம் லிட்டர் என்று யாரும் வாய் திறக்கவில்லை. மூன்று தெருச் சாக்கடைகளில் ஓடியிருக்கிறது. பம்பு வைத்து உறிஞ்சுகிறார்கள், மிச்சத்தின் மேல் நுரை அடிக்கிறார்கள். என் வேலை வீடு வீடாகப் போய்க் காற்றில் பெட்ரோல் ஆவி எவ்வளவு என்று கருவி வைத்து அளப்பது. இரண்டாவது தெருவில் தங்கை வீடு. பூட்டிக் கிடக்கிறது. அவளும் மாப்பிள்ளையும் ஊராரோடு பள்ளிக்கூடத் தரையில் படுத்திருக்கிறார்கள்.

மார்ச் 6

காலை பத்து மணிக்குத் தங்கை வீட்டில் அளந்தேன். அனுமதித்த எல்லைக்குள்தான் இருந்தது.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ சொல்லுக்கா, போகலாமா?"

போங்க என்றேன். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே! தையல் கடையில் துணி மலையாகக் குவிந்திருக்கிறதாம். "அண்ணி, உங்க கருவிக்கு நானே ஒரு சட்டை தெச்சுத் தர்றேன்" என்றார்.

மார்ச் 7

மத்தியானம் இரண்டு மணி. மண்டையைப் பிளக்கும் வெயில். மனசு கேட்காமல் மறுபடி போனேன். குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையருகே வைத்ததுமே கருவி கத்தத் தொடங்கியது. எல்லையைப் போல ஒன்பது மடங்கு. சூடேற ஏற, அடியில் தங்கியதெல்லாம் மேலே வருகிறது.

மேற்பார்வையாளரிடம் ஓடினேன். அளவு எழுதிய தாளைக் கையில் வாங்கவே இல்லை.

"பத்து மணி அளவுதாம்மா அறிக்கைக்கு. மத்தியானம் எந்தச் சாக்கடைதான் நாறாது? நாளைக்குப் பேசிக்கலாம்."

பத்து மணி அளவு மட்டும் இருந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன்?

தங்கைக்கு ஃபோன் செய்து, ஜன்னலைத் திறந்து வை என்று மட்டும் சொன்னேன். கிளம்பு என்று சொல்லவில்லை. நேற்றுப் போ என்றவள் இன்று எந்த வாயால் வா என்பது? இவ்வளவுதான் காரணம். வேறு இல்லை.

மார்ச் 8

மாப்பிள்ளை குளிக்கப் போயிருக்கிறார். வெந்நீர் சுவிட்சைத் தட்டியதும் குளியலறையே பற்றிக்கொண்டது. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன் — என்ன பண்ணிட்டேன்

மார்ச் 11

இரண்டு கைகளும். உயிருக்கு ஆபத்தில்லை. விரல் மடங்குமா என்று கேட்டேன். "மொதல்ல புண்ணு ஆறட்டும்" என்றார் டாக்டர்.

தங்கை என் தோளில் விழுந்து அழுதாள். "நீ சொன்னியேக்கா ஜன்னலைத் திறன்னு. நான்தான் அனலா அடிக்குதுன்னு சாத்திட்டேன்."

தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுத்தேனே!

மார்ச் 15

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

விசாரணை. வேறு அளவே எடுக்கவில்லை என்றார் மேற்பார்வையாளர். என் குறிப்பேட்டை மேசைமேல் வைத்தேன். அதிகாரி சத்தமாகப் படித்தார்.

"மார்ச் ஏழு, மத்தியானம் ரெண்டு மணி, ஒன்பது மடங்கு. யார்கிட்ட சொன்னீங்க?"

மேற்பார்வையாளரைக் காட்டினேன்.

"வீட்டுக்காரங்ககிட்ட?"

தங்கை பின்வரிசையில் இருந்தாள்.

"சொல்லல."

மேற்பார்வையாளரை வேறு ஊருக்கு மாற்றுவார்களாம். அவ்வளவுதானாம்.

திரும்பும்போது இருவருக்கும் ஒரே பேருந்து. என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகத்தான் இருந்தது. தங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.