எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பதினைந்து வயது

11 ஜூன் 2024, செவ்வாய்

எதிர் குவார்ட்டர்ஸில் ஆரத்தி எடுத்தார்கள். கண்ணகியின் மகன் தமிழ்மாறன் ஜாமீனில் வந்துவிட்டான். ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் அவள் சிரிப்பு கேட்டது.

என் அருண்குமாருக்கு ஜாமீன் இல்லை. ஒரே சண்டை, ஒரே வழக்கு. போன மாதம் விளையாட்டுத் திடலில் சிலம்பரசன் என்கிற பையனை இரண்டு பேரும் சேர்ந்துதான் அடித்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவன் இறந்துபோனான். இப்போது அவள் பிள்ளை வீட்டுச் சோறு தின்கிறான். என் பிள்ளை கூர்நோக்கு இல்லத்தில்.

14 ஜூன்

வக்கீல் குமரவேலைப் பார்த்தோம். "முன்னல்லாம் பதினெட்டு வரைக்கும் ஒரே மாதிரிதாம்மா. சட்டத்த மாத்திட்டாங்க. பதினாறு முடிஞ்சவன் மேல கொலை கேசுன்னா, பெரிய ஆளா வெச்சு விசாரிக்கலாமான்னு சிறார் நீதிக் குழுமம் பாக்கும். அந்த எதிர்வீட்டுப் பையனுக்குச் சண்ட நடந்தப்ப பதினாறு ஆவல. மிஞ்சிப்போனா மூணு வருஷம்."

ஆகவில்லை. ஆடி வந்தால் ஆகும். அருண் சித்திரையில் பிறந்தான். ஆடியில் கண்ணகிக்குப் பிரசவமானபோது இவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரசம் சாதம் கொண்டுபோனவள் நான். முன்னால் பெற்றதுதான் என் குற்றமா?

15 ஜூன்

அவள் வீட்டில் மீன் குழம்பு. வாசனையே எரிகிறது.

2 ஜூலை

குழுமம் அனுப்பிய மனநல ஆலோசகர் அருணிடம் பேசிப் பார்த்தாராம். கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னானாம். 'விவரமான பையன், செய்வது புரிந்து செய்யக்கூடியவன்' என்று எழுதிவிட்டார். இதே விவரத்தைச் சொல்லிச் சொல்லித்தானே ஊரெல்லாம் பெருமைப்பட்டேன்? கண்ணகியின் பிள்ளை மக்கு என்று மனதுக்குள் சிரித்திருக்கிறேன். இன்று எனக்கு ஒரு மக்குப் பிள்ளை வேண்டும்.

5 ஜூலை

போய்க் கேட்டே விட்டேன். என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். வக்கீல் சொல்லவில்லை, நானாக யோசித்ததுதான்.

"கண்ணகி, தலையில அடிச்சது நான்தான்னு உன் பையன் சொல்லட்டும். அவனுக்கு எப்படியும் மூணு வருஷத்துக்கு மேல இல்ல. எம் புள்ள பொழச்சிக்குவான்."

கத்துவாள், துரத்துவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"போன வாரம் குழுமத்துலயே தமிழு சொல்றேன்னுதாங்க்கா நின்னான். நானும் தடுக்கல. அருண்தான், 'லூசு மாதிரி பேசாதடா, அடிச்சது நான்'னு அங்கியே எல்லார் எதிர்லயும் சொல்லிட்டான்."

எழுந்து வந்துவிட்டேன். வாசலைத் தாண்டும்போதும் எரிச்சல்தான். இந்தப் பெரிய மனசும் அவளுக்குத்தான் வாய்க்கணுமா? நான் கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டா பாரு!

அருணு, ஏண்டா சொன்ன?

19 ஜூலை

பெரியவனாக விசாரிக்கச் சொல்லிவிட்டார்கள். வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகிறது. பெயர்தான் அப்படி, விசாரணை பெரியவர்களுக்கானது.

வெளியே பெஞ்சில் சிலம்பரசனின் அம்மா வீரம்மாள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். நான் ஒரு பக்கம் அழுதுகொண்டிருந்தேன். கண்ணகி ஒரு பக்கம் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீரம்மாள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் கண்ணகியைப் பார்க்கிற பார்வை.

20 ஜூலை

தூக்கம் இல்லை. வீரம்மாள் கண்ணுக்கு நான் கொடுத்துவைத்தவள்.

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

அருணைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன் தமிழ்மாறன் வந்தான். ஆறேழு மாதமாக எங்கள் வாசல் பக்கம் தலைகாட்டாதவன்.

"நானும் வரட்டுமா பெரிம்மா?"

"உன்ன உள்ள விட மாட்டாங்கடா."

"வெளியவே நிக்கறேன்."

அவனுக்கும் தட்டை வைத்தேன். குனிந்துகொண்டே சாப்பிட்டான். மீசை கறுத்திருக்கிறது. அருணுக்கும் கறுத்திருக்கிறது, நான் கம்பிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இவனுக்கு வந்ததை இவன் அம்மா தினமும் பார்க்கிறாள்.

வயிறு எரியத்தான் செய்தது. இன்னொரு கரண்டி சோறு போட்டேன். "மெதுவா சாப்புடு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கு" என்றேன்.