சாக்பீஸில் எழுதிய எம்.டி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நேற்று மாப்பிள்ளைக்குக் கட்டு மாற்றினார்களா? இடது கை விரல்களை அசைக்கிறார் என்று நீ சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. பிள்ளைகள் இருவரும் இங்கே நன்றாக இருக்கிறார்கள். சின்னவள் மட்டும் அண்ணியின் பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம் பிடிக்கிறாள்.

போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன். நாளை காலை பத்து மணிக்குக் கம்பெனியில் அந்தத் தீ விபத்தைப் பற்றி விசாரணை.

எங்கள் கம்பெனி ஸ்டோரில் காலியான கேஸ் சிலிண்டரின் மேல் சாக்பீஸால் எம்.டி என்று எழுதுவோம். காலி என்பதை ஆங்கிலத்தில் 'எம்ப்டி' என்று சொன்னால் அப்படித்தான் காதில் விழும். அதே எம்.டி எடை மேடையில் மெட்ரிக் டன். சோதனைப் பிரிவில் காந்தச் சோதனை. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி அதிகாரிகளும் எம்.டி. எங்கள் வாயில் முதலாளியும் எம்.டிதான். "முதலாளிக்கும் காலி சிலிண்டருக்கும் ஒரே பேரு மச்சான்" என்று மாப்பிள்ளை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

முந்தாநாள் சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்துவிட்டார். "சோதனைக்கு அனுப்பத்தான் எம்.டின்னு எழுதினேன்னு சொல்லிடுங்க. அதுக்குத்தான் நாலு அர்த்தம் இருக்கே, யாரு கேக்கப் போறா?" என்றார். அப்படிச் சொன்னால் என் இருபத்திரண்டு வருட வேலை தப்பிக்கும். ஆனால் சோதனைக்கு வைத்த சிலிண்டர் பக்கத்தில் வெல்டிங் டார்ச் பற்றவைத்தது மாப்பிள்ளையின் தப்பாகிவிடும். கவனக்குறைவு என்று எழுதி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் அதைப் பற்றி யோசித்தேன், தங்கச்சி. யோசிக்கவே இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, முள் பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். நான் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அதில் எனக்குத் தலைக்கனம் வேறு. அன்றைக்கு லாரிக்காரர் அவசரப்படுத்தினார். தட்டினேன், எழுதினேன், வெல்டிங் கொட்டகை ஓரமாகக் காலிகளோடு நிறுத்தினேன். அதில் பாதி கேஸ் இருந்திருக்கிறது. வால்வும் கசிந்திருக்கிறது.

டார்ச் பற்றவைக்கும் முன் மாப்பிள்ளை கேட்டார், "கேஜ் பாத்தீங்களா மச்சான்?" என்று. "எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் என்னை நம்பிப் பற்றவைத்தார். கசிந்திருந்த கேஸ் குப்பென்று பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்த அதிகாரியிடம் அவர் ஒன்றும் ஞாபகமில்லை என்று சொன்னதாக நீ கவலைப்பட்டாய். அடி தலையில் பட்டிருக்குமோ என்று டாக்டரிடம்கூடக் கேட்டாயாம். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, தங்கச்சி. நான் உன் அண்ணன் என்பதால் சொல்லாமல் இருக்கிறார்.

நாளை உள்ளதை உள்ளபடி சொல்லப் போகிறேன். காலி என்றுதான் எழுதினேன், காலியா என்று பார்க்கவில்லை. உன் அண்ணியிடமும் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றாள். உன் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் அழுதாள்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு நீயே படித்துக் காட்டு. பாதியில் போதும் என்றால் நிறுத்திவிடு. அவர் நன்றாகி, பழையபடி இரண்டு கையாலும் பிள்ளைகளைத் தூக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்து வருகிறேன். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு நான் வார்டு வாசலிலேயே நிற்கிறேன். அவர் கூப்பிட்டால் மட்டும் வருகிறேன்.

உன் அண்ணன்