இரண்டாவது அடுப்பு

அக்கா,

இன்று காலை தபால்காரர் சேலத்திலிருந்து வந்த வருமான வரிக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பழுப்பு உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பசை வாசனை பட்டாலே உங்கள் முகம் வந்துவிடுகிறது.

யுத்தகாலத்தில் முதல் காகிதம் வந்தபோது, உங்கள் வீட்டுக்காரரும் அவர் தம்பியான என் வீட்டுக்காரரும் பொம்மிடியில் ஒன்றாகப் புளி மண்டி நடத்திவந்தார்கள். புளி விலை ஏறியது, வரியும் ஏறியது. சேலத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த என் அண்ணனுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். அவர் வந்து விளக்கினார். நிலத்து விளைச்சலுக்கு வரி கிடையாது, அதை மண்டிக் கணக்கோடு கலக்கக்கூடாது. ஆயுள் இன்ஷூரன்ஸ் கட்டினால் சலுகை உண்டு. கடைசியாகச் சொன்னார்: "பாகம் பிரிச்சு பத்திரம் எழுதிட்டா ரெண்டு பேருக்கும் தனித்தனியா கணக்குப் போடுவாங்க. வரி பாதிக்கும் கீழ வந்துடும்."

நீங்கள் கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "காகிதத்துலதான பிரியறோம், புள்ள? சோறு ஒண்ணாத்தான?"

"ஒண்ணாத்தாங்க்கா."

பத்திரம் எழுதியாயிற்று. ஆனால் பிரிந்தது நிஜம்தானா என்று வரி அதிகாரி நேரில் வந்து விசாரிப்பாராம். பின்கட்டில் நானே மண் குழைத்து இன்னோர் அடுப்பு போட்டேன். அவர் வந்தார். "இந்த வீட்டுல எத்தனை அடுப்பும்மா எரியுது?" என்றார். "ரெண்டுங்க" என்றேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். பன்னிரண்டு வருஷம் ஒரே சட்டியில் களி கிண்டியவர்கள் நாம்.

அவர் போனதும் அடுப்பை இடித்திருக்க வேண்டும். மறுபடி வந்து பார்த்தால் என்ன செய்வது என்று விட்டுவைத்தோம். பற்றவைக்காவிட்டால் அக்கம்பக்கத்தில் பேசுவார்கள் என்று பற்றவைத்தோம். கொஞ்ச நாள் குழம்பாவது கைமாறியது. பிறகு அதுவும் நின்றது. யார் முதலில் நிறுத்தினோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் பெரியவர் பங்குப் புளி முழுக்க மழையில் நனைந்து வீணானது. கைமுதலுக்குத் தம்பியிடம் வந்து நின்றார்.

"நான் குடுத்தா, பிரிஞ்சதே பொய்யின்னு ஆபீசுல புடிச்சுக்குவாங்கண்ணா" என்றார் இவர்.

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மாதமே நடுவில் சுவர் எழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருமுவது கேட்கும். எட்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் இவர் பேச்சை மீறி வந்தேன். உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் திறந்து பார்த்தீர்கள். என்னைப் புள்ள என்றல்லாமல் வேறெப்படியும் கூப்பிட்டறியாத நீங்கள், யாரோ அயலாரிடம் கேட்பதுபோலக் கேட்டீர்கள்.

"எந்த வூட்டுல இருந்து வர்றீங்கம்மா?"

காய்ச்சலில் கேட்டீர்களா, தெரிந்தே கேட்டீர்களா? பொழுது சாய்வதற்குள் போய்விட்டீர்கள்.

போன மாதம் செட்டியார் மருமகள் வந்தாள். "பாகம் பிரிச்சு வரியக் கொறச்சீங்களாமே, எப்படிங்க?" என்றாள். நிலக் கணக்கைத் தனியாக எழுதச் சொன்னேன். இன்ஷூரன்ஸைப் பற்றிச் சொன்னேன். அவள் மறுபடியும் பாகத்தைப் பற்றியே கேட்டாள்.

"வரியக் கட்டிடும்மா" என்றேன். அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று உங்களுக்குச் சொல்லாமல் விட்ட பதில் மட்டும் என்னோடு இருக்கிறது, அக்கா. தனியாக இருக்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

"நம்ம வூட்டுல இருந்துதாங்க்கா."