திருப்பிப் பிடித்த கிட்டார்

ஜூலை 4, 1983, திங்கள்

காலை இரண்டாவது ட்ரிப்பில் கீழ்பென்னாத்தூரில் ஏறிய ஒரு அம்மா, நான் நீட்டிய டிக்கெட்டை வாங்கவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. அப்புறம்தான் புரிந்தது, கூட்ட நெரிசலில் இடது கையால் நீட்டியிருக்கிறேன். "காலங்காத்தால சோத்தாங்கையால குடுப்பா" என்றது. மாற்றிக் கொடுத்தேன். கண்டக்டர் வேலைக்கு வந்து எட்டு வருஷம். எட்டு வருஷமாக இதே பாட்டுதான்.

பள்ளிக்கூடத்தில் மணிக்கட்டில் ஸ்கேலால் அடித்து அடித்தே என் எழுத்தை வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் கம்பெனிக் கணக்கெல்லாம் அந்தக் கையில்தான் எழுதுகிறேன். இந்த நோட்டில் மட்டும் இடது கை. எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. இருக்கட்டுமே, எவன் படிக்கப் போகிறான்?

இடது கைக்கு என்று இன்னொன்றும் இருந்தது. ராத்திரிக் கச்சேரிகளில் நான் வாசிக்கும் பேஸ் கிட்டார். அதுவும் போயிற்று. போளூரில் மழையில் நனைந்ததில் கழுத்து வில்லாக வளைந்துவிட்டது. இனி அது அடுப்புக்குத்தான் ஆகும்.

ஜூலை 7, வியாழன்

நசீருதீன் பாய் ஆள் அனுப்பியிருந்தார். எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு மைக் செட், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அவருடையது. வாத்தியம் வாங்கித் தருவதும் அவர்தான். மெட்ராஸில் தெரிந்த கடையிலிருந்து இரண்டு பேஸ் கிட்டார் எடுத்து வந்திருக்கிறார். ஆடி முடிவதற்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கடைக்குத் திருப்ப வேண்டும். அதுவரைக்கும் ஒரு கீறல் விழக்கூடாது.

ஒன்று வயலின் உருவம். உள்ளே வெறும் கூடு, தூக்கினால் கனமே இல்லை, கழுத்தும் கட்டை. தட்டினால் தும் என்று உருண்டையாக ஒரு சத்தம், பிறந்த உடனே செத்துப்போகிறது. இன்னொன்று கெட்டி மரம், நீளக் கழுத்து. நெட்டையன் என்று அப்போதே பெயர் வைத்துவிட்டேன். அதன் தடித்த தந்தியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பாய் வாசலுக்குப் போய் டீ சொல்லிவிட்டு வந்தார். சத்தம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. காதில் இல்லை, வயிற்றுக்குள் கேட்கிறது.

"இப்ப பசங்க இதைத்தாம்பா கேக்கறாங்க" என்றார் பாய். உண்மைதான். புதுப் பாட்டு எல்லாமே பேஸில்தான் ஓடுகிறது.

ஆனால் நெட்டையன் வலது கைக்காரனுக்குச் செய்தவன். விரல் மேலே ஏற வசதியாக உடம்பில் ஒரு பக்கம் மட்டும் வளைத்து எடுத்திருக்கிறார்கள். வயலினுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். தந்திகளை மாற்றிக் கட்டித் திருப்பிப் பிடித்தால் எனக்கென்றே செய்தது போல உட்காருகிறது.

நல்ல சத்தம் ஒன்றில். என் கை இன்னொன்றில். இது என்ன நியாயம்?

ஜூலை 9, சனி

மாஸ்டர் வந்து பார்த்தார். அப்பாதுரை மாஸ்டர் — குழு அவருடையது, ஆர்கன் வாசிப்பவர். நெட்டையனைக் கேட்டதுமே முடிவு செய்துவிட்டார். இதுதான், வேறு பேச்சில்லை. நான் வலது கையில் பழகிக்கொள்ள வேண்டுமாம்.

காரணம் சத்தம் மட்டும் இல்லை. அடுத்த மாதம் 12ஆம் தேதி கீழ்பென்னாத்தூர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழா. வருஷா வருஷம் அந்தக் கச்சேரி எங்களுக்குத்தான். இந்த வருஷம் விழாக் கமிட்டி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. போன வருஷம் சாமிக்கு எதிரே ஒருவன் பீச்சாங்கையால் வாசித்தான், அதற்கப்புறம் மழையே இல்லை, கடலை விளையவில்லை. இந்த வருஷம் அது கூடாது.

கமிட்டித் தலைவர் யார்? அப்பாசாமி. என் பெண்டாட்டி கஸ்தூரியின் சொந்த அண்ணன். என் மச்சான்.

மழை பெய்யாததற்கு என் கைதான் காரணம் என்றால், என் கைக்கு எவ்வளவு சக்தி! இனிமேல் டிக்கெட் கிழிக்கும்போதுகூட ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஆற்றில் வெள்ளம் வந்துவிடும்.

மாஸ்டர் கடைசியாகச் சொன்னது: "மாறிக்கினா நீ. இல்லன்னா ஆரணிப் பையன் இருக்கான், வலது கை."

ஜூலை 10

மாற மாட்டேன்.

ஜூலை 15, வெள்ளி

மாற மாட்டேன் என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? நெட்டையனை விட்டுவிடவும் மனசு வரவில்லை. பாயின் கிடங்கில் உட்கார்ந்து அதையே திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். திருகுகள் முழங்கைக்கு அடியில் மாட்டுகின்றன, கை அசைந்தால் சத்தம் ஏறி இறங்குகிறது. வளைத்து எடுத்த பக்கம் எதிர்ப்புறம் போய்விட்டது, விரல் மேலே ஏறவே முடியவில்லை. வார் மாட்டும் ஆணி அடியில் இருப்பதால் தலை தரையைப் பார்த்துத் தொங்குகிறது. தந்திகளோ தலைகீழ். மாற்றிக் கட்டலாம் என்றால் கழுத்து முனையில் தந்தி உட்காரும் எலும்புத் துண்டை ராவ வேண்டும், ராவினால் கடைக்காரன் திரும்ப வாங்க மாட்டான்.

பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுக்கு வலது கைதான் என்பதில் அவரும் கண்டிப்பானவர். ஆனால் இன்று, "எனக்கு சவுண்டு வந்தா போதும்பா. எந்தக் கைங்கறதை நீயே முடிவு பண்ணிக்க" என்றார்.

முடிவு பண்ணுவதுதானே கஷ்டம்.

ஜூலை 19

நெட்டையனை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். வலது கையில் பழகுகிறேன். ஆமாம், பழகுகிறேன். பத்து வருஷம் வாசித்தவன் இன்று முதல் நாள் பையனைப் போல விரலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கஸ்தூரிக்குச் சந்தோஷம். அவள் பிறந்த ஊர்த் திருவிழா, மேடையில் புருஷன் இல்லாவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். அவள் சொல்வதிலும் தப்பில்லை.

ஜூலை 27, புதன்

ஒரு பாட்டு முழுசாக வருகிறது. தப்பில்லாமல் வருகிறது. மாஸ்டர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

தப்பில்லைதான், ஆனால் அதில் நான் எங்கே இருக்கிறேன்? யாரோ வாசிப்பதை நான் சுமந்துகொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது.

ஜூலை 30, சனி

இதை எழுதிவிட வேண்டும்.

பொன்னிக்கு நாலரை வயது. என் மகள், என் கை. தட்டில் சோறு வைத்தால் இடது கைதான் முதலில் போகும். விஜயதசமிக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம், அதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று கஸ்தூரி சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கையைப் பழைய ரவிக்கைத் துணியால் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிடுகிறாள். நான் ஒரு நாள் கேட்டபோது, "பொட்டப் புள்ளைங்க. நாளைக்கு இந்தக் கையால சோறு போட்டா எவன் சாப்புடுவான்?" என்றாள். எழுந்து போய்விட்டேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன் என்பதுதான் நிஜம்.

இன்று மத்தியானம் நான் நெட்டையனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பொன்னி கட்டிய கையோடு வந்து எதிரே உட்கார்ந்தது. என் இடது கையை ரொம்ப நேரம் பார்த்தது. வழக்கமாகத் தந்தியைத் தட்டுகிற கை, இப்போது கிட்டாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது.

"அப்பா, உன்னுதையும் கட்டிட்டாங்களா?"

கேலி இல்லை, அழுகை இல்லை. தனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டான் என்று ஒரு நிம்மதி அந்த முகத்தில்.

கிட்டாரைக் கீழே வைத்தேன். டேய் தருமா, முப்பத்திரண்டு வயசு ஆவுது உனக்கு. எவன்டா உன் கையைக் கட்டினது? நீயே நீட்டிட்டு வந்து நிக்கிறியே!

ஆகஸ்ட் 1, திங்கள்

நெட்டையனைக் கொண்டுபோய் மாஸ்டர் வீட்டில் வைத்தேன். வைக்கும்போது ஒரு தடவை தடித்த தந்தியைத் தட்டினேன், வயிற்றில் கேட்டது. பொய் சொல்லக் கூடாது. இரண்டில் நல்ல கிட்டார் அதுதான்.

"நான் வயலினை எடுத்துக்கறேன் மாஸ்டர். இந்தக் கையாலதான் வாசிப்பேன்" என்றேன்.

மாஸ்டர் கெட்ட மனுஷன் இல்லை. கீழ்பென்னாத்தூருக்கு மட்டும் வராதே, கோயில் இல்லாத இடமாகப் பார்த்துக் கூப்பிடுகிறேன் என்றார். கல்யாணம், கடைத் திறப்பு, அந்த மாதிரி.

"கோயிலுக்கு ஆவாத கை கல்யாணத்துக்கு மட்டும் எப்படி மாஸ்டர் ஆவும்? எல்லாத்துக்கும் கூப்புடுங்க. இல்லன்னா எதுக்கும் வாணாம்."

எதுக்கும் வேண்டாம் என்றுதான் ஆயிற்று. பத்து வருஷம், ஒரு வாக்கியத்தில் முடிந்தது. திரும்பி வரும்போது எங்கள் ஊர் மலையைப் பார்த்து நடந்தேன். வீடு நெருங்க நெருங்க நடை தானாகவே மெதுவாயிற்று.

ஆகஸ்ட் 2

கஸ்தூரி பேசவில்லை.

ஆகஸ்ட் 5

இன்னும் பேசவில்லை. குழம்பில் உப்பு ஜாஸ்தி. வேண்டுமென்றுதான் என்று நினைக்கிறேன். வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன். பொன்னியின் கையில் கட்டை நான் அவிழ்க்கிறேன், அவள் கட்டுகிறாள், நான் அவிழ்க்கிறேன். சண்டை அந்தத் துணியில்தான் நடக்கிறது.

கடைக்கு இப்போது எதுவும் திரும்பப் போகவில்லை; நெட்டையனுக்கு மாஸ்டர் பணம் கட்டிவிட்டார், வயலினுக்கு நான் மாதாமாதம் பாய்க்குக் கட்ட வேண்டும். வயலினுக்குத் தந்தி மாற்றிக் கட்டினேன். எலும்பை பாயே எடுத்துத் திருப்பி ஒட்டிக் கொடுத்தார். இதன் சத்தம் நிற்காது, சரி. நிற்காத சத்தத்துக்கு ஏற்ற மாதிரி வாசித்துப் பார்ப்போம். இரண்டு தட்டுக்கு நடுவே சும்மா விட்டால் அந்த இடமும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 13, சனி

நேற்று கீழ்பென்னாத்தூர். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். அப்புறம், ஏன் ஒளிய வேண்டும், நான் என்ன திருடனா? மூன்று பேரும் போனோம். மச்சான் முறைப்படி வாங்க மாப்ள என்றார். நானும் முறைப்படி தலையாட்டினேன்.

கூழ் வாங்கப் பெண்களும் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். கஸ்தூரிக்கு முன்னால் பொன்னி, கையில் சின்னச் சொம்பு. மச்சான்தான் அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றினார். பொன்னி சொம்பை நீட்டியது, இடது கையால். மச்சான் அகப்பையை நிறுத்தினார். "கையை மாத்து" என்றார். குழந்தைக்குப் புரியவில்லை, இன்னும் உயர்த்தி நீட்டியது. அவர் அகப்பையைத் தாண்டவிட்டுப் பின்னால் நின்ற கஸ்தூரியின் பாத்திரத்தில் ஊற்றினார். பொன்னி காலிச் சொம்பை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் நீட்டியது.

நான் வரிசையை நோக்கி நடக்க ஆரம்பித்தேன். அதற்குள் கஸ்தூரி தன் பாத்திரத்துக் கூழை அப்படியே அண்டாவில் திருப்பி ஊற்றினாள்.

"எம் பொண்ணுக்கு இல்லாத கூழு எனக்கு எதுக்குண்ணே?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பொன்னியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு வந்துவிட்டாள். ஊரே பார்த்தது. மச்சான் அகப்பையைப் பிடித்தபடி நின்றார்.

சாயங்காலம் கச்சேரிக்கு நிற்காமல் பஸ் ஏறினோம். தெருமுனை தாண்டும்போது ஆரணிப் பையன் நெட்டையனில் சுருதி பார்த்துக்கொண்டிருந்தது கேட்டது. நன்றாகவே வாசிக்கிறான். வாசிக்கட்டும்.

ஆகஸ்ட் 14

காலையில் கஸ்தூரி அந்த ரவிக்கைத் துணியைத் துவைத்துக் காயவைத்து என்னிடம் கொடுத்தாள். "கிட்டாரு தொடைக்க வெச்சுக்கங்க" என்றாள். ஒன்பது நாள் கழித்து என்னிடம் பேசிய பேச்சு அதுதான். இல்லை, பன்னிரண்டு நாள். எண்ணுவதில் என்ன இருக்கிறது, பேசிவிட்டாள்.

செப்டம்பர் 6, செவ்வாய்

செங்கம் சின்னசாமி என்பவர் புதுக் குழு ஆரம்பிக்கிறாராம், பேஸ் வாசிக்க ஆள் இல்லையாம். பாய் அழைத்துப் போனார். லெஃப்ட் ஹேண்டாமே என்று சின்னசாமி கேட்டார். ஆமாம் என்றேன், வரட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர் மேடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்ப நீங்க அந்த ஓரம் நில்லுங்க. இங்க நின்னா கிட்டாரு கழுத்து டிரம்ஸ்ல முட்டும்" என்றார்.

அவ்வளவுதான். சண்டைக்கு என்று சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 16, ஞாயிறு, விஜயதசமி

பள்ளிக்கூடத்தில் வரிசையாகத் தாம்பாளம், தாம்பாளத்தில் அரிசி. ராஜம்மாள் டீச்சர் ஒவ்வொரு குழந்தையாக மடியில் உட்காரவைத்து விரல் பிடித்து எழுதவைத்தார்கள். வாங்கி வந்த வெற்றிலை பாக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன், எந்தக் கை என்ற கேள்வியே வராமல். அவ்வளவு வீறாப்புப் பேசுகிறவன், டீச்சர் என்றதும் மணிக்கட்டு வலிக்கிறது.

பொன்னியின் முறை வந்தது. டீச்சர் அதன் வலது கையைப் பிடித்து அரிசிக்குக் கொண்டு போனார்கள். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை.

"அந்தக் கை இல்லீங்க டீச்சர்" என்றாள் கஸ்தூரி. "அவளுக்கு இந்தக் கை."

டீச்சர் அவளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அப்புறம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பொன்னியை மாற்றி உட்காரவைத்து, இடது கை விரலைப் பிடித்தார்கள். முதல் எழுத்தை டீச்சர் எழுதவைத்தார்கள். கையை விட்டதும் பொன்னி தானாகவே இன்னொரு 'அ' எழுதியது.

கோழி கிளறிய மாதிரி இருந்தது. என் எழுத்தேதான்.