செல்லக்கனிக்காக ஒரு ஜெபம்

4 மே 1953

பேச்சிப்பாறை அணைக்கு மேலே, காணிக்காரர் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தோம். போதகர் ஜெபதாஸ் ஐயா, வேதாகம ஸ்திரீ அன்னக்கிளி அக்காள், நான், செல்லக்கனி. பிள்ளைகளுக்கு வகுப்பு, காய்ச்சல்காரர்களுக்குக் கொய்னா மாத்திரை. இரண்டு வாரம் முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருத்தியை ஐயா இங்கேயே ஆசிரியையாக நிறுத்துவார். ஜூனில் சபைப் பள்ளிக்கூடம் திறக்கிறது.

அது நானாக இருக்க வேண்டும். "போயிட்டு வா. வந்ததும் பேசி முடிச்சிருவோம்" என்று அம்மா சொல்லியனுப்பியிருக்கிறாள். மாப்பிள்ளை அஞ்சுகிராமத்து ஜவுளிக்கடைக்காரர். வீட்டுக்கு வந்த அன்று என் புத்தகப் பெட்டியைப் பார்த்து, "இதையெல்லாம் கொண்டு எங்க வைக்க?" என்று கேட்டவர்.

செல்லக்கனிக்கு இங்கே ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. வழி முழுக்கப் பாடிக்கொண்டு வந்தாள்.

6 மே

படச்சுருளை நனையாமல் என் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தவள் நான். நேற்று நோவாவின் பேழையைப் படம் காட்டி விளக்கினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இன்று செல்லக்கனி, நோவாவை மீன் விழுங்கிற்று என்றாள். மீனைப் போலத் தரையில் புரண்டும் காட்டினாள்.

"நோவா இல்லை, யோனா" என்றேன். யாரும் கவனிக்கவில்லை. நீலி என்ற சின்னப் பெண் மட்டும் கேட்டாள்: "மீனு முழுங்கினா, பின்ன கப்பல ஆரு ஓட்டினது?"

"அவனுக்க பொண்டாட்டி ஓட்டினா மக்கா" என்றாள் செல்லக்கனி.

ஐயாவும் சிரித்தார்.

8 மே

குடிசைகளின் முன்னால் உட்கார்ந்து செல்லக்கனி பேன் பார்க்கிறாள். தாய்மார்கள் தலையை அவிழ்த்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நான் கொடுத்தால் துப்பிவிடும் மாத்திரையை அவள் கருப்பட்டியோடு ஊட்டினால் பிள்ளைகள் விழுங்குகிறார்கள்.

எனக்கும் பேன் பார்க்கத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

9 மே

கேட்கவில்லையா? நான் உட்காரவில்லையா?

11 மே

சாயங்கால ஜெபத்தை ஐயா என்னிடம் தந்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஆண்டவரே, எங்களில் விளையாட்டுப் புத்தி உள்ளவர்களுக்கு நிதானத்தைத் தாரும். உமது வசனத்தை அறியாமல் போதிக்கத் துணிகிறவர்களைத் திருத்தும். பிறருடைய சிரிப்பையும் புகழையும் நாடாத இருதயத்தை அவர்களுக்குக் கொடும்."

அவர்கள் என்றேன். ஒருத்தியைத்தான் சொன்னேன்.

எல்லோரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொன்னது செல்லக்கனி.

ஓடையில் பாத்திரம் துலக்கும்போது அன்னக்கிளி அக்காள் கேட்டாள்: "ஏட்டி ஞானம், நீ ஆண்டவர்கிட்ட பேசினியா, அவகிட்ட பேசினியா?"

"ஜெபம்தானே அக்கா."

"செரி, ஜெபம்தான். அவளுக்கும் காது கேக்கும், பாத்துக்க."

12 மே

எனக்கும் சேர்த்து செல்லக்கனியே பாய் விரித்தாள். ஒன்றும் விளங்கவில்லையோ? விளங்காத அளவுக்கு அவள் நல்லவளாக இருப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்று அவள் பாடவில்லை.

15 மே

ஐயா கூப்பிட்டார். "ஞானம், நீ இங்க தங்குதியா?"

தரையில் கால் பாவவில்லை எனக்கு. அவர் முடிக்கவில்லை.

"முதல்ல செல்லக்கனியத்தான் கேட்டேன். தாய்மாருக்கெல்லாம் அவதான் வேணும். மாட்டேன்னுட்டா."

"ஏன் ஐயா?"

"ஞானம் ஜெபிச்சது எனக்குத்தான், எனக்கு நிதானமும் இல்ல, வசனமும் தெரியாது, அவளே இருக்கட்டும்னா. பொறவு அழுதா."

அழுதாளா? அப்படியென்றால் அவளுக்கும் தங்க ஆசை இருந்திருக்கிறது. அவளுக்கு இங்கே ஒன்றும் ஆக வேண்டியதில்லை என்று எழுதியது யார்? நான்தான் — ஒரு வார்த்தை அவளிடம் கேட்காமலே.

சின்ன வயதிலிருந்து எத்தனையோ ஜெபம் பண்ணியிருக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் எதுவும் பலித்ததில்லை.

தங்குகிறேன் என்றேன். வேண்டாம், அவளே இருக்கட்டும்னு நானும் சொல்லியிருக்கலாம்லா? வாய் வரல்லியே. அஞ்சுகிராமம்தான் கண்ணுக்கு முன்னால நின்னுது.

16 மே

ஊருக்குத் திரும்பும் அவர்களோடு அணை வரைக்கும் நானும் பிள்ளைகளும் இறங்கினோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்தேன். பஸ் வந்ததும் செல்லக்கனிதான் பேசினாள்.

"ஏட்டி, மீனு முழுங்கினது ஆரு? கடைசியா ஒருக்கா சொல்லித் தா."

"யோனா."

"செல்லக்கனி அக்கா தப்பாச் சொல்லிட்டான்னு பிள்ளையகிட்ட சொல்லிரு, என்ன?"

தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் முடிந்தது.

பிள்ளைகள் பஸ்ஸின் பின்னால் ஓடினார்கள். அதைப் பார்த்தபோதும் — அப்போதும்கூட — எனக்குப் பொறாமைதான்.

22 ஜூன்

அம்மாவின் கோபம் தீரவில்லை. மழையும் விடவில்லை.

யோனாவின் கதையைச் சொன்னேன். தரையில் புரளவும் பார்த்தேன். சேலைத் தலைப்பு காலில் சிக்கியது. நீலி ஒருத்திதான் சிரித்தாள். வகுப்பு முடிந்ததும், தானே ஜெபம் பண்ணுவதாக அவள் எழுந்து நின்றாள்.

"ஏசுவே, கஞ்சி தாரும். மழைய நிறுத்தும். செல்லக்கனி அக்காள திரும்ப இங்க அனுப்பும்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தேன். பிள்ளைகள் எல்லோரும் ஏற்கெனவே கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமென்" என்றேன். கூரையில் விழுந்த மழையில் அது கேட்கவில்லை. இன்னும் சத்தமாக மறுபடி சொன்னேன்.