விலக்கில் இறங்காத ஷீலா

அருப்புக்கோட்டை,
29-11-1992, ஞாயிறு

அன்பு மகன் ஸ்டீபனுக்கு அப்பா ஜான்ராஜ் எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் பாப்பாவும் சுகம், தம்மாமில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க தினமும் ஜெபிக்கிறோம். போன மூன்று கடிதத்திலும் மருமகள் ஷீலாவும் சுகம் என்று எழுதியிருந்தேன். அது பொய்யப்பா. தெரிந்து சொன்ன பொய் இல்லை, பார்க்காமல் சொன்ன பொய். பதறாதே, இப்போது உள்ளறையில் படுத்துத் தூங்குகிறாள், உன் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். போனில் சொல்லலாம் என்றால் முனீஸ்வரன் கடையில் நாலு பேர் பருப்புக்கும் எண்ணெய்க்கும் நிற்கும்போது இதைப் பேச முடியாது. கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று நினைத்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் பேனாவை எடுத்தேன், இந்த எட்டு வரி எழுதுவதற்குள் இரண்டு தரம் எழுந்துபோய் அவளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் மூன்றாம் தேதி உன் கடிதம் வந்தது. வழக்கம்போல நான் கூடத்தில் உட்கார்ந்து எல்லாரும் கேட்கச் சத்தமாக வாசித்தேன். ஷீலா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போடுகிறவளுக்குச் சொந்தப் பிள்ளையைப் பார்க்க நேரமில்லையா, அடுத்த தபாலில் வேலையை விட்டுவிட்டாள் என்ற செய்தி வர வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்த வரி வருவது என் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. முழுங்கியிருக்கலாம், கீழே வேறு எதையாவது வாசித்திருக்கலாம். நான் முழுங்கவில்லை. மருமகள் கேட்கட்டுமே என்று ஒரு நினைப்பு எனக்கும் இருந்திருக்கிறது. பாப்பா பால் குடிக்காமல் அழுகிறது என்றும், ஷீலா தூக்குவதே இல்லை என்றும் உனக்கு எழுதியது யார், நான்தானே. வாசித்து முடித்ததும் அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தாள்.

அதற்குப் பிறகு ஆறு நாள் கழித்து, திங்கட்கிழமை, சங்கரலிங்கம் வீட்டுக்கு வந்தான். என்னோடு பதினெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தவன், இப்போது தூத்துக்குடி ரூட்டில் போகிறான். உள்ளே வராமல் வாசலில் நின்றே பேசினான். 'அண்ணே, தப்பா நெனைக்காதீக. ஒங்க மருமக வேல பாக்குற ஊரு வெலக்குல எறங்க மாட்டேங்கறாக. டிக்கெட்டு வெலக்குக்குத்தான் எடுக்குறாக, பஸ்ஸு நிக்கும்போது அப்படியே ஒக்காந்திருக்காக. பந்தல்குடியும் தாண்டி எட்டயபுரம் வரைக்கும் வாராக, அங்க எறங்கி எதுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிப் போறாக. இந்த ஒரு வாரத்துல மூணு தடவ' என்றான். முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதியவன் நான். ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே எங்கே இறங்குவார் என்று சொல்லுவேன். என் வீட்டுப் பிள்ளை எங்கே இறங்காமல் போகிறது என்பதை இன்னொருவன் வந்து சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், வேறு ஏதோ விபரீதம் என்று நினைத்தேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

புதன்கிழமை அவளுக்குத் தடுப்பூசி நாள். ஆஸ்பத்திரியில் போய் ஐஸ் வைத்த மருந்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு ஒன்பதரை பஸ்ஸில் ஏறுவாள் என்று தெரியும். நான் பின் வாசலில் ஏறினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு வந்தது, பஸ் நின்றது, சங்கரலிங்கம் ஊர்ப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். அவள் அசையவில்லை. பஸ் கிளம்பினதும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை, அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. எதிர்பார்த்திருந்தவள் மாதிரி, 'எறங்கணும்னு தெரியுது மாமா, காலு எந்திரிக்க மாட்டேங்குது' என்றாள்.

கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஏத்தா, என்ன செய்யுது, என்னிடம் சொல்லு என்று கேட்டேன். வெளியே பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் நான் கூட்டவில்லை. 'வீட்டுல இருந்தா அங்க தாய்மாரெல்லாம் காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு நெனப்பு. அங்க போனா இங்க பாப்பா அழுவாளேன்னு நெனப்பு. ரெண்டு எடத்துலயும் நான் திருடி மாதிரி இருக்கேன் மாமா. இந்த பஸ்ஸுக்குள்ள இருக்கும்போது மட்டுந்தான் ரெண்டு பக்கமும் என்னையத் தேட மாட்டாக.' பெட்டியை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். பிறகு, 'பாப்பாவத் தூக்குனா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. பாசம் வர மாட்டேங்குது. எல்லாத் தாய்க்கும் வரும்ல, எனக்கு மட்டும் ஏன் வரல. நான் இல்லைன்னா அது நல்லா வளரும்னு அடிக்கடி தோணுது' என்றாள். ஸ்டீபன், அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் என் கை தானாகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டது. மருமகளின் கையை மாமனார் பிடிப்பதாவது என்று ஊர் சொல்லும், சொல்லட்டும், எட்டயபுரம் வரை நான் விடவில்லை.

எதிர் பஸ்ஸில் நேரே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடத்தான் பார்த்தேன். அவள்தான், மருந்து வீணாகிவிடும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்றாள். விலக்கில் இறங்கிக் கருவேலங்காட்டு வழியே ஊருக்குள் நடந்தோம். ஒன்பது தாய்மார் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே உதவிக்கு இருக்கிற முத்துத்தாய் என்னைத் தனியே கூப்பிட்டு, 'நர்சம்மாவ ஒரு மாசமாவே நாங்கதான் ஐயா ஒப்பேத்திக்கிட்டு இருக்கோம், ஊசிய எடுத்தா கை நடுங்குது, ஒங்க வீட்டுல தெரியும்னுல நெனச்சோம்' என்று சொன்னாள். எனக்குத் தலை குனிந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு ஷீலா ஒன்பது பிள்ளைக்கும் நிதானமாக ஊசி போட்டாள். ஒவ்வொரு தாயிடமும் கேட்க வேண்டியதைக் கேட்டாள், பால் ஊறுதா, சாப்பாடு எறங்குதா, கொஞ்சமாவது தூங்குறியா என்று. கடைசியாக வந்தவள் தலைச்சன் பிள்ளைக்காரி, இருபது வயதுகூட இருக்காது. அவள் தன் பதிலைச் சொல்லிவிட்டு, 'நீங்க தூங்குறீகளாக்கா, கண்ணெல்லாம் உள்ள போயிருச்சே' என்று கேட்டாள். ஷீலா அவளையே பார்த்தாள், பிறகு ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அரை மணி நேரம் அழுதாள். முத்துத்தாய் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. ஏழு மாதத்தில் நம் வீட்டில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை. பாப்பா தூங்கினாளா என்றுதான் கேட்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில், நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா, இவளுக்கு மட்டும் என்ன என்று சத்தம் போட்டாள், பிறகு உபவாச ஜெபம் வைக்கலாம் என்றாள். ஜெபமும் வைப்போம், டாக்டரையும் பார்ப்போம் என்றேன். இங்கே நம் லேடி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன், அவர்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மதுரையில் ஒரு மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கேட்டதும் உன் அம்மா, 'பைத்தியத்துக்குப் பாக்குற எடத்துக்கா கூட்டிட்டுப் போறீக, நாளைக்கு வெளிய தெரிஞ்சா பாப்பாவ யாரு கட்டுவா' என்றாள். ஏழு மாதப் பிள்ளைக்கு அவள் மாப்பிள்ளை தேடுகிறாள். இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை காலையில் நானும் ஷீலாவும் மட்டும் கிளம்பி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். பஸ் கிளம்பப் போகும்போது உன் அம்மா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, பால் பாட்டிலும் துணிப்பையுமாக ஓடி வந்து ஏறினாள். ஷீலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காரியாபட்டி தாண்டினதும் ஷீலாவின் தலை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே வருவதைப் பார்த்து, அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மதுரை வரைக்கும் இரண்டு தோளிலும் இரண்டு பேர் தூங்கினார்கள்.

டாக்டர் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். பிள்ளை பெற்ற பிறகு சில தாய்மாருக்கு இந்த நோய் வரும், இது காய்ச்சல் மாதிரி ஒரு நோய், பாசக் குறைவும் இல்லை, பக்திக் குறைவும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை என்றார். மூன்று மாத லீவு முடிந்த மறுநாளே ஆறு ஊர் சுற்றும் வேலைக்குப் போய், வந்து சமைத்து, ராத்திரி பிள்ளையோடு விழித்து, மறுபடி காலையில் பஸ் பிடித்தால் இரும்பும் தேயும் என்றார். மாத்திரை எழுதியிருக்கிறார், குணம் தெரிய மூன்று நாலு வாரம் ஆகுமாம். தனியே விடக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, மாத்திரையை நாங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி பாப்பா இப்போது உன் அம்மாவிடம் படுக்கிறாள். இரண்டு மாதம் மெடிக்கல் லீவு போட்டிருக்கிறோம். வேலையை விட்டுவிடச் சொல்லலாமா என்று நான் உனக்காகக் கேட்டேன். நோயில் கிடக்கிறவரிடம் பெரிய முடிவு எதையும் கேட்காதீர்கள், தெளிந்த பிறகு அவர்களே சொல்லட்டும் என்றார்.

ஷீலா உன் கடிதம் வந்த மறுநாளே ராஜினாமா எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறாள். மதுரையிலிருந்து வந்த அன்று என்னிடம் கொடுத்து, 'அவுக சொன்னபடி எழுதிட்டேன் மாமா, ஆபீஸ்ல குடுத்துருங்க' என்றாள். நான் கொடுக்கவில்லை. நீ பத்துக் கடிதம் எழுதினாலும் கொடுக்க மாட்டேன். அவள் உடம்பு தேறி, தெளிவாக என்னிடம் கேட்டால் அன்றைக்கே நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அங்கே வெயிலில் நீ படுகிற பாடு எனக்குத் தெரியும், நான் எழுதியதை நம்பித்தானே நீ கோபப்பட்டாய். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அவள் உனக்கு எழுதிய கடிதங்களை எடுத்து மறுபடி வாசித்துப் பார். தூக்கம் வரவில்லை, எதுவும் பிடிக்கவில்லை என்று இரண்டு கடிதத்தில் எழுதினாளாம். அதற்கு நீ டி.வி. பெட்டிக்கு எந்த மாதிரி ஸ்டாண்டு வாங்கலாம் என்று பதில் எழுதியிருக்கிறாய். மார்ச்சில் காண்ட்ராக்ட் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரு மாதமாவது வந்து இரு. மிச்சத்தை வந்து பேசிக்கொள்ளலாம்.

30-ம் தேதி, திங்கள். நேற்று பாப்பா அழுததால் பாதியில் நிறுத்திவிட்டேன், அதுவும் நல்லதுக்குத்தான், ஒரு செய்தி சேர்ந்திருக்கிறது. காலையில் உன் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள், நான் பாப்பாவுக்குக் கேப்பைக் கூழ் காய்ச்சி ஊட்டினேன். உள்ளேயிருந்து ஷீலா வந்து பார்த்தாள். 'மாமா, இம்புட்டுக் கட்டியாவா குடுப்பாக, தொண்டையில அடைச்சுக்கிட்டா என்ன செய்வீக. ஊர் ஊராப் போயி நான் இதத்தான் சொல்லிட்டு வாரேன், என் வீட்டுலயே இப்படிச் செஞ்சா எப்படி' என்று திட்டிவிட்டு, கிண்ணத்தைப் பிடுங்கி வெந்நீர் விட்டுக் கரைத்தாள். பாப்பாவை மடியில் போட்டு முழுக் கூழையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தாள். உன் அம்மா ஈரக்கையோடு வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு மறுபடி துவைக்கப் போனாள். மத்தியானம் ஷீலா பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அப்படித்தான் இருக்குமாம், ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடந்து கால் ஓயவில்லை.

மழை இன்னும் சரியாகப் பெய்யவில்லை, மல்லி விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். கர்த்தர் உன்னையும் உன் வேலையையும் ஆசீர்வதித்து, நல்லபடியாக உன் வீடு கொண்டுவந்து சேர்ப்பாராக. இந்தக் கடிதம் கிடைத்த வாரம் வெள்ளிக்கிழமை நம் நேரத்துக்கு மத்தியானம் மூன்று மணிக்கு முனீஸ்வரன் கடைக்குப் போன் செய், அந்த நேரம் கடையில் ஆள் இருக்காது, எந்த வாரம் என்று தெரியாததால் ஒவ்வொரு வெள்ளியும் நான் ஷீலாவைக் கூட்டி வந்து வைத்திருப்பேன். அவள் ஒன்றும் பேசாவிட்டால் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடாதே. நீயும் பேசாமல் லைனில் இரு.

இப்படிக்கு,
உன் நன்மையையே தேடும் அப்பா
அ. ஜான்ராஜ்